குரங்கை அடக்கம் செய்தவர்

என் கணவர் கார் ஓட்டினார். வாரநாட்களில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குவார். சனி, ஞாயிறு வந்தால் டூர் வண்டி. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனதும் பெங்களூர் பிடிக்காமல் போய்விடும். அருவி, காபித் தோட்டம், காட்டு நடுவில் ஓட்டு வீடு என்று கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டு, திரும்பும்வரை காத்திருந்து, கூட்டிக்கொண்டு வரவேண்டும். காத்திருப்பதுதான் அந்த வேலையில் பாதி என்பார்.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். அவர் பிறந்து வளர்ந்தது அங்கேதான்; கன்னடம் அவருக்குத் தமிழைப் போலவே வரும். நான் வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கீழ்வீட்டில் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், தனியாக இருந்தார். எங்களுக்கு ஒரே மகள், அப்போது நாலாம் வகுப்பு.

நான் காக்ஸ் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். பணம் வாங்கி ரசீது போடுவதும், ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. மழைக்காலம் வந்துவிட்டால் கவுன்டரில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் டெங்கு பயத்தில் வந்தவர்களாக இருப்பார்கள். "பிளேட்லெட் எவ்ளோ இருக்குது மேடம்?" என்று ரிப்போர்ட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்பார்கள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்வதுதான் முறை. ஆனாலும் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. அப்படிச் சொல்லிச் சொல்லியே காய்ச்சல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்கிற எண்ணம் வந்திருந்தது.

அந்த வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயம். ஷிவமொக்காவைத் தாண்டி மலைக்காட்டுக்குள் இருக்கிற ஒரு தங்கும் விடுதிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"இங்க ஒரு கொரங்கு செத்துக் கெடந்துச்சும்மா. வண்டி நிறுத்தற எடத்துக்குப் பின்னால, சருகுக்குள்ள."

"வண்டில அடிபட்டுச்சா?"

"அடி ஒண்ணும் இல்ல. தூங்கற மாதிரியே கெடந்துச்சு. மூக்குல மட்டும் கொஞ்சம் ரத்தம். நாய் இழுக்கப் பாத்துச்சு. மனசு கேக்கல. வாட்ச்மேன்கிட்ட மண்வெட்டி வாங்கி நானே குழி தோண்டி அடக்கம் பண்ணிட்டேன். ரெண்டு செம்பருத்திப் பூ போட்டு ஊதுபத்தி ஏத்திவெச்சேன்."

"நீங்க எதுக்கு அதத் தொட்டீங்க?"

"ஆஞ்சநேயரும்மா அது. வுட்டுட்டு வரச் சொல்றியா?"

எனக்கும் அது நல்ல காரியம் என்றுதான் பட்டது. கீழே இறங்கிப் போய் போனை அண்ணியிடம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகச் சந்தோஷப்பட்டார். "எல்லாருக்கும் கெடைக்காதுடா அது" என்றார் தம்பியிடம்.

திங்கட்கிழமை விடியலில் வந்து சேர்ந்தார். குளித்துவிட்டு வந்தவர் முழங்காலுக்குப் பின்னால் அரிக்கிறது என்றார். பார்த்தேன். எள்ளைவிடச் சின்னதாக, கறுப்பாக ஒன்று தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மச்சம் என்று நினைத்தேன். நகத்தால் தொட்டதும் அதன் கால்கள் அசைந்தன. உண்ணி. வாணியம்பாடியில் எங்கள் வீட்டு மாட்டின் காதில் பார்த்திருக்கிறேன். அவை கொட்டைமுத்து, ஆமணக்கு விதை அளவுக்கு இருக்கும். இவ்வளவு சின்னதாக நான் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவி எடுத்துப் போட்டேன். இடுப்பில் இன்னொன்று. அதையும் எடுத்தேன்.

"எங்க படுத்தீங்க?"

"எங்க படுப்பாங்க? டிரைவருக்கெல்லாம் ரூம் குடுக்கமாட்டாங்க. காருக்குள்ள புழுங்குச்சு. மரத்தடியில பாய் போட்டுப் படுத்தேன். ஜில்லுனு நல்லாத் தூங்கினேன்."

அதற்கப்புறம் ஒரு வாரம் ஒன்றும் இல்லை. வழக்கம்போல வண்டி ஓட்டினார், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், ஒருநாள் மூன்று பேரும் போய் பிரியாணி சாப்பிட்டோம்.

காய்ச்சல் வந்தது திடீரென்று. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனவர் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. இடுப்பையும் தொடையையும் யாரோ துணி பிழிவதுபோல் முறுக்குகிறார்கள் என்றார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. மறுநாள் நானே அவரை ஆட்டோவில் எங்கள் நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். டெங்கு இல்லை என்று வந்தது. மலேரியா இல்லை. டைஃபாய்டு இல்லை. பிளேட்லெட் மட்டும் இறங்கியிருந்தது.

எங்கள் பக்கத்து கிளினிக்கில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சில சமயம் மொதல்ல நெகட்டிவ்தான் காட்டும். டெங்கு மாதிரியே பாத்துக்குவோம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிளேட்லெட் இறங்கின காய்ச்சல் என்றால் இந்த ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணி பப்பாளி இலை தேடிக்கொண்டுவந்து இடித்துச் சாறு கொடுத்தார். மாநகராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து எங்கள் தண்ணீர் டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புழு இல்லை என்று சொல்லிப் போனார்கள். மாடியில் இருந்த பூந்தொட்டித் தட்டுகளை எல்லாம் நான் கவிழ்த்து வைத்தேன். நாங்கள் கொசுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் பல்லீறில் ரத்தம் கசிந்தது. ஆனால் அதற்கு மறுநாளே காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. பிளேட்லெட் எண்ணிக்கையும் ஏறியது. ரசம் சாதம் கேட்டார். மகளோடு கட்டிலில் உட்கார்ந்து கேரம் ஆடினார். அண்ணி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டியிருந்தார், ஊற்றினார். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தோம். இளைத்துப் போயிருந்தாரே தவிர மனுஷன் எழுந்து நடமாடினார். ஒரு நாள் வண்டிக்கும் போய்விட்டு வந்தார்.

அந்த நாட்களைத்தான் இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன். காய்ச்சல் போய்விட்டது என்று நாங்கள் நினைத்தோம். அது போகவில்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

தலைவலி என்று ஆரம்பித்தது. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, ஜன்னலை மூடு என்றார். மறுபடியும் உடம்பு சுட்டது. காலையில் சட்டை போட்டுக்கொண்டவர் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கை நடுங்கியது. விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்து மகள் சிரித்தாள். நான் போய்ப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக, அறிமுகமில்லாத ஒருவரிடம் கேட்கிற குரலில், "எல்லிகெ ஹோக்பேக்கு மேடம்?" என்று கேட்டார். எங்கே போகணும் மேடம், என்று. அவர் என்னிடம் ஒருநாளும் கன்னடத்தில் பேசியதில்லை.

"ஏங்க, நான்தாங்க" என்றேன்.

"ஆய்த்து மேடம், குத்கொள்ளி" என்றார். சரி மேடம், உட்காருங்கள்.

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ஆட்டோவிலேயே வலிப்பு வந்தது. நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்களைப் போல இன்னும் பலர் உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் போல ஒரு டாக்டர் பெண் வெளியே வந்தார். படிப்பு முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். கன்னடத்தில்தான் பேசினார், எனக்குப் புரியாதபோது தமிழும் கலந்து சொன்னார். முதல் காய்ச்சல் எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, நடுவில் எத்தனை நாள் நன்றாக இருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "காட்டுப் பக்கம் எங்கயாவது போயிருந்தாரா?" என்றார்.

ஊர்ப்பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அங்க கொரங்கு ஏதாவது செத்திருந்துதா? யாராவது சொன்னாங்களா?"

நான் சொன்னேன். குழி தோண்டினது, பூ போட்டது, மரத்தடியில் படுத்தது, உண்ணி எடுத்தது எல்லாம். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மங்கன காயிலே கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார். குரங்குக் காய்ச்சல். ஷிவமொக்காப் பக்கத்துக் காடுகளில் எங்கள் அம்மா காலத்திலிருந்தே இருக்கிற வியாதி, ஆனால் ஜீவனஹள்ளியில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வைரஸ் இருப்பது உண்ணிக்குள். காட்டிலே எலி மாதிரியான சின்ன சின்னப் பிராணிகளுக்கும் உண்ணிக்கும் நடுவில் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். குரங்கைக் கடித்தால் குரங்குக்கும் காய்ச்சல் வரும். நம்மைப் போலவே அதுவும் தாங்காது. குரங்கு செத்து உடம்பு குளிர்ந்துவிட்டால் அதன்மேல் இருந்த உண்ணிகள் எல்லாம் கீழே இறங்கிவிடும். சருகுக்குள் உட்கார்ந்து அடுத்த ரத்தத்துக்குக் காத்திருக்கும். அதனால்தான் செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் உடனே சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லவேண்டும். ஆட்கள் வந்து சுற்றிலும் மருந்துப் பொடி தூவிக் குரங்கை எரித்துவிடுவார்கள்.

"அப்ப அவர் அடக்கம் பண்ணினதாலதான்…"

"அப்படி உறுதியா சொல்ல முடியாது. படுத்த எடத்துலயும் கடிச்சிருக்கலாம். நடந்தாலே ஏறும்."

"சிலருக்கு இப்பிடி ரெண்டாவது தடவ வருமா?"

"வரும். நடுவுல நல்லாகிடுவாங்க. அப்புறம் மூளைக்குப் போகும். எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு."

"மருந்து?"

"இந்த வைரஸுக்குன்னு மருந்து இல்லம்மா. மூச்சு, பிரஷர், வலிப்பு, இதெல்லாம் பாத்துக்கறோம். மீதிய ஒடம்புதான் செய்யணும்."

ரத்தத்தை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. எப்படி வந்தது, எது கடித்தது, உள்ளே என்ன நடக்கிறது எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெளிவாகப் புரிந்துவிட்டது. அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு என்னால் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. வாயில் குழாய் வைத்திருந்தார்கள்.

அண்ணிக்கு நான் சொன்னது ஏறவே இல்லை. "உண்ணி கடிச்சா நாயி மாடெல்லாம் சாவுதா? அவன் சாமிக்குச் செஞ்சவன். சாமிக்குச் செஞ்சவனுக்கு எப்படிம்மா வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் வைரஸ் என்றேன். எலி என்றேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, முடிவில், "அவனுக்கு எப்படிம்மா வரும்?" என்றார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. அதேதான். அது வந்த மறுநாள் காலை அவர் இறந்துபோனார். டாக்டர் பெண் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெருவில் எங்கள் வாசலைச் சுற்றி ஒரு வெற்றிடம் இருந்தது. சுகாதாரத் துறை வண்டி முன்னாலேயே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தது, அது போதும். குரங்கு வியாதியாம் என்று ஒருவர் சொல்ல, கேரளாவில் வந்ததே அந்த வவ்வால் காய்ச்சலாம் என்று இன்னொருவர் சொல்ல, மூச்சுக் காற்றிலேயே பரவுமாம் என்று முடிந்துவிட்டது. அவரோடு பிறந்ததிலிருந்து பழகினவர்கள் எதிர்த் திண்ணையைக்கூடத் தாண்டி, தெருமுனையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றார்கள். தூக்குவதற்குச் சக ஓட்டுநர்கள் நாலு பேர் வந்தார்கள். அவர்களிலும் ஒருவர் கையுறை போட்டிருந்தார். நான் அவரிடம் போய், "ஒட்டாதுண்ணா, மனுஷங்ககிட்டருந்து மனுஷங்களுக்கு இது வராது" என்றேன். "தெரியும்மா, சும்மா ஒரு சேஃப்டிக்கு" என்றார். கழற்றவில்லை.

மகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், இது கொசு மாதிரிகூட இல்ல. உண்ணி கடிச்சாதான் வரும். எங்க தெருவுல அந்த உண்ணியே கெடையாது. எம்பொண்ணுகிட்டருந்து யாருக்கும் வராது."

"எனக்குப் புரியுதும்மா. நான் படிச்சுப் பாத்தேன். நீங்க சொல்றது கரெக்ட்தான்."

"அப்புறம் என்ன மேடம்?"

"பேரன்ட்ஸுக்குப் புரியணுமே. வாட்ஸாப்ல ஒரே கலாட்டா. ஒரு மாசம் வீட்லயே இருக்கட்டும். வேணும்னா டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டாங்க."

"என்னன்னு சர்ட்டிஃபிகேட் வாங்கறது மேடம்? அவளுக்கு ஒண்ணும் வரலையே."

கெட்ட மனுஷி இல்லை அவர். கிளம்பும்போது மகளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார், மேஜையில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லி. மகள் அதை எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "நான் தொட்டா சாவாங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, உண்ணி, காடு, குரங்கு எல்லாவற்றையும் அவளுக்கும் விளக்கினேன். அந்தக் கோடையில் இந்தக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! மளிகைக் கடையில், எங்கள் கவுன்டரில், வீட்டு ஓனர் அம்மாவிடம். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார்கள்.

காரியம் முடிந்த பிறகு அண்ணி ஒரே பிடியாக நின்றார். தம்பி குரங்கை அடக்கம் செய்த இடத்தைப் பார்க்கவேண்டும். நான் முடியாது என்றேன். தனியாகப் போகிறேன் என்றார். மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். ஷிவமொக்காவரை ரயில், அங்கிருந்து பஸ், கடைசியில் நடை. நான் கால் மூடிய பைஜாமாவும் முழங்கால்வரை சாக்ஸும் போட்டுக்கொண்டேன். அண்ணி புடவைக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். வெயிலில் காடு மொறுமொறுவென்று காய்ந்துகிடந்தது. காலடியில் எங்கே பார்த்தாலும் சருகு.

விடுதி பூட்டியிருந்தது. வாட்ச்மேன் வீடு பக்கத்திலேயே. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. அவருக்கும் வந்திருந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மனைவி டம்ளரை வாயில் வைத்துத்தான் காபி கொடுத்தாள். "ஒள்ளே மனுஷா" என்றார் என் கணவரைப் பற்றி. நல்ல மனிதர். அதற்குமேல் பேசினால் மூச்சு வாங்கியது.

அவர் மனைவிதான் எங்களை அழைத்துப் போனாள். தூரத்திலிருந்தே கையைக் காட்டினாள். அடக்கம் செய்த இடத்தைப் பிற்பாடு ஆட்கள் வந்து தோண்டி எரித்துவிட்டார்களாம். வெள்ளைப் பொடி இன்னும் அங்கங்கே தெரிந்தது. இந்த வருஷம் இந்தப் பக்கம் குரங்குகள் நிறைய விழுந்தன என்றாள். பக்கத்து ஊரில் ஒரு பெண், இந்த ஊரில் ஒரு கிழவர் என்று போனவர்களையும் சொன்னாள்.

அவள் இடுப்பில் ஒரு கூடை இருந்தது. எங்களை விட்டுவிட்டுச் சருகு அள்ளப் போகிறாளாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "வீட்டுக்காரர் அப்படிக் கிடக்கிறார், தெரிந்தும் எதற்குப் போகிறாய்?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. மாட்டுக்கொட்டகையில் போடச் சருகு வேண்டும், சாணியோடு மக்கினால்தான் பாக்குத் தோட்டத்துக்கு உரம், அடுப்புக்கு விறகு வேண்டும், காட்டை விட்டால் அது எங்கே கிடைக்கும் என்றாள். கையில் காலில் தேய்த்துக்கொள்ள எண்ணெய் கொடுக்கிறார்கள், தேய்க்கிறாள், வேர்த்தால் போய்விடுகிறது. முன்னே வருஷா வருஷம் ஊசி போட்டார்கள், அவளும் போட்டுக்கொண்டாள். அது சரியாக வேலை செய்யவில்லை என்று இப்போது நிறுத்திவிட்டார்களாம். வேறு ஊசி வரும் என்று சொல்கிறார்கள். "பந்தரெ ஹாக்கிஸ்கொள்த்தீனி" என்றாள். வந்தால் போட்டுக்கொள்வேன். வைரஸ், உண்ணி, எலி, குரங்கு எல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்தது. டாக்டர் பெண் எனக்குச் சொன்ன அதையே, அதே வரிசையில், ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணி பாதையிலிருந்து இறங்கிவிட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை எடுத்துக்கொண்டு சருகுக்குள் நடந்தார்.

"அண்ணி, வேணாம்! போகாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. வெள்ளைப் பொடி கிடந்த இடத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். காய்ந்த காட்டில் நெருப்புப் பற்றிக்கொள்ளும் என்று வாட்ச்மேன் மனைவி பின்னாலேயே ஓடினாள். கற்பூரத்தை ஏற்றவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி ஏற்றாத கற்பூரத்தை மண்ணிலேயே வைத்துவிட்டு உரக்கக் கேட்டார்: "என் தம்பி உனக்கு என்னடா பாவம் பண்ணான்? உனக்குக் குழி வெட்டினவன்டா அவன்!" அவருடைய தம்பி அடக்கம் செய்த குரங்கிடம் கேட்டாரா, சாமியிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் பாதையிலேயே நின்றேன். கிட்டே போய்க் கூட்டிவரக் காலெடுத்தேன், வைக்க முடியவில்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக் கழிப்பறையில் அண்ணியின் கால், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். சாக்ஸில் ஒன்று ஊர்ந்தது. நசுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சாக்ஸோடு கழற்றி பிளாஸ்டிக் கவரில் கட்டி எரித்தோம். அடுத்த இரண்டு வாரம் காலையும் மாலையும் அண்ணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் வரவில்லை. "பாத்தியா, எனக்கு வரல" என்றார் ஒருநாள். குரலில் நிம்மதி இல்லை. தனக்கு ஏன் வரவில்லை என்று அதையும் ஒரு குறையாகக் கேட்பதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். இன்றுவரை போகவில்லை.

மகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டால் மாரடைப்பு என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருமுறை என்னிடம் கேட்டாள்: அப்பா குரங்கைப் புதைக்காமல் வந்திருந்தால் இருந்திருப்பாரா? மரத்தடியில் படுத்திருக்கிறார், வண்டி துடைக்கச் சருகில் நின்றிருக்கிறார், ஒண்ணுக்குப் போகக் காட்டுக்குள் இறங்கியிருக்கிறார். எந்த உண்ணி, எந்த நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத்தான் அவளிடம் சொன்னேன். அவளுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

மழை வந்தது, போனது. கவுன்டரில் டெங்கு கூட்டம் வந்தது, போனது. மறுபடியும் குளிர் முடிந்து காடு காய்கிற காலம். எங்கள் தெருவில் இன்னொரு ஓட்டுநர் இருக்கிறார். என் கணவரைத் தூக்க வந்த நாலு பேரில் ஒருவர். மலைக்காட்டுப் பக்கம் அவருக்கு டூர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அங்க சருகுல படுக்காதீங்க. முழுக்கால் பேன்ட் போடுங்க, பேன்ட்ட சாக்ஸுக்குள்ள வுட்டுக்குங்க. செத்த கொரங்கு பாத்தா கிட்ட போகாதீங்க. வந்ததும் துணிய வெந்நீர்ல போடுங்க."

குழாயை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். "சரிம்மா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா டிரைவருக்கு அங்க ரூம் குடுக்கமாட்டானுங்களே. ரெண்டு ராத்திரி. வண்டிக்குள்ள படுத்தா முதுகு போயிடுது. எங்கதாம்மா படுக்கறது?" என்று கேட்டார்.

வண்டிக்குள்ளேயே படுங்கள் அண்ணா என்றேன். பார்க்கிறேன் என்றார்.

போய்விட்டு நல்லபடியாக வந்தார். அடுத்த வாரமும் போனார். அவருடைய மனைவியிடம் காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா என்று நான் விசாரிப்பது அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். இந்தச் சனிக்கிழமையும் அவர் அங்கேதான் போயிருக்கிறார்.